26 லட்சம் ரூபாய் ஸ்பீக்கரில் உண்மையிலேயே என்ன கேட்கிறது? பெங்களூரு ஷோரூமுக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெங்களூருவில் ஒரு ஹை-எண்ட் ஆடியோ ஷோரூமுக்குள் போனால், ஒரு ஜோடி ஸ்பீக்கர் ஒரு காரின் விலையில் நிற்கும். பக்கத்திலேயே அதை ஓட்டுவதற்கான ஆம்ப்ளிஃபயர் இன்னொரு காரின் விலையில். கண்ணாடிக் கதவை மூடி, விளக்கைக் குறைத்து, சோபாவில் உட்கார வைத்து ஒரு பாட்டைப் போடுவார்கள். கேட்டவர்கள் வெளியே வந்து சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "திரை விலகின மாதிரி இருந்தது." "பாடகர் எதிரில் நின்று பாடினார்." "இத்தனை வருஷம் கேட்ட பாட்டில் கேட்காத வாத்தியமெல்லாம் கேட்டது."

இவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த அனுபவம் உண்மைதான். ஆனால் அதில் எவ்வளவு ஸ்பீக்கரால் வந்தது, எவ்வளவு அந்த அறையால் வந்தது, எவ்வளவு சத்த அளவால் வந்தது, எவ்வளவு விலைச்சீட்டைப் பார்த்ததால் வந்தது? இரண்டு வருஷ போனஸையோ மூன்று வருஷ இஎம்ஐயையோ இதில் போட நினைக்கும் ஒருவருக்கு இந்தக் கேள்வி முக்கியம்.

சுருக்கமான பதில் இதுதான்: ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வித்தியாசம் பெரிது. அறைக்கு அறை வித்தியாசம் அதற்குச் சளைத்ததில்லை, பல வீடுகளில் அதைவிடப் பெரிது. நன்றாகச் செய்யப்பட்ட ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையே வித்தியாசம் மிகச் சிறிது. கேபிளில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இந்த நான்கையும் பிரித்தறியும் திறமை நம் காதுக்கு உண்டு, கண் மூடியிருந்தால் மட்டும்.

விரிவாகப் பார்க்கலாம்.

அவ்வளவு விலை எதற்கு?

ஒரு உதாரணம். பிரிட்டனின் பௌவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனம் 2021-ல் 801 டி4 என்ற ஸ்பீக்கரை அறிமுகப்படுத்தியபோது அமெரிக்க விலை ஒரு ஜோடி 35,000 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 26 லட்சம் ரூபாய். கப்பல் செலவு, சுங்கவரி, ஜிஎஸ்டி, டீலர் லாபம் எல்லாம் இதற்கு மேல். இதே நிறுவனத்தின் 800 வரிசை ஸ்பீக்கர்களை லண்டனின் அபே ரோடு ஸ்டூடியோ பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. பிரான்சின் ஃபோக்கல் நிறுவனம் செய்யும் கிராண்ட் உட்டோபியா இன்னும் ஒரு படி மேலே. அதன் ஒற்றை ஸ்பீக்கர் 265 கிலோ எடை. உங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் ஏற்றும் முன் அதன் பளு வரம்பைப் படிக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பணம் முக்கியமாக மூன்று வேலைகளுக்குப் போகிறது.

ஒன்று, பெட்டி. ஸ்பீக்கரின் கோன் முன்னும் பின்னும் அசையும்போது பெட்டியும் சேர்ந்து அதிரும். பெட்டி அதிர்ந்தால் அதுவே ஒரு வாத்தியமாகி, பாட்டில் இல்லாத ஓசையைச் சேர்க்கும். அந்த அதிர்வை அடக்கத்தான் அத்தனை எடை, அத்தனை உள்சட்டங்கள்.

இரண்டு, டிரைவர்கள். கோன் ஒரே விறைப்பான தட்டாக அசைய வேண்டும். அதிக அலைவெண்ணில் கோனின் ஒரு பகுதி முன்னே போக, இன்னொரு பகுதி பின்னே போகும் நிலை வரும். அந்தக் கோளாறைக் காது கேட்காத எல்லைக்கு அப்பால் தள்ளத்தான் வைரப்பூச்சு ட்வீட்டர், பெரிலியம் ட்வீட்டர் போன்றவை.

மூன்று, பேஸ். 30 ஹெர்ட்ஸ் ஓசையை உரக்க, சுத்தமாகத் தர நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய கோன், பெரிய காந்தம், பெரிய பெட்டி தேவை. சின்ன ஸ்பீக்கரால் இதில் ஏமாற்ற முடியாது. இயற்பியல் விடாது.

ஆக, விலையில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் பத்து மடங்கு விலைக்குப் பத்து மடங்கு நல்ல ஓசை வராது. ஒரு கட்டத்துக்கு மேல் ஒவ்வொரு லட்சமும் வாங்கித் தரும் முன்னேற்றம் குறைந்துகொண்டே போகும். மரவேலை, வார்னிஷ், பெயர், குறைந்த எண்ணிக்கை உற்பத்தி ஆகியவற்றுக்கான பங்கு கூடிக்கொண்டே போகும்.

கண் திறந்திருந்தால் காது என்ன செய்யும்?

ஜேபிஎல், ரெவல், மார்க் லெவின்சன் எல்லாம் ஹார்மன் நிறுவனத்தின் பிராண்டுகள். 2017-ல் சாம்சங் ஹார்மனை வாங்கியது. பெங்களூருவிலும் ஹார்மனின் பொறியாளர் குழுக்கள் இருக்கின்றன, உங்களில் சிலர் அங்கேயே வேலை செய்யலாம். மேலே சொன்ன பௌவர்ஸ் அண்ட் வில்கின்ஸும் 2025-ல் ஹார்மனிடம் வந்துவிட்டது.

இந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள். கேட்டவர்கள் எல்லோரும் அந்த நிறுவன ஊழியர்களே. ஒரு முறை ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்தபடி கேட்டு மதிப்பெண் போட்டார்கள். இன்னொரு முறை அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டு மதிப்பெண் போட்டார்கள்.

பார்த்துக்கொண்டே கேட்டபோது பெரிய, விலை உயர்ந்த ஸ்பீக்கர்கள் முன்னணியில் நின்றன. சின்ன, மலிவான பிளாஸ்டிக் அமைப்பு ஒன்று நன்றாகக் கீழே போனது. திரை விழுந்ததும் அந்த இடைவெளி பெருமளவு சுருங்கிவிட்டது.

இன்னொரு விஷயம் அதைவிட சுவாரசியமானது. திரைக்குப் பின்னால் கேட்டபோது, ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் மதிப்பெண்ணும் மாறியது. அதாவது காது வேலை செய்தது. கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டபோது, இடம் மாற்றியதால் வந்த உண்மையான வித்தியாசத்தையே பலர் கண்டுகொள்ளவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்த உடனேயே மனசு மார்க் போட்டுவிட்டது.

இது முட்டாள்தனம் இல்லை. ஒலித்துறையிலேயே வேலை பார்ப்பவர்களுக்கும் நடக்கிறது. மூளை கண், காது, ஞாபகம், எதிர்பார்ப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துதான் ஒரு அனுபவத்தைத் தருகிறது. எது எங்கிருந்து வந்தது என்று பில் போட்டுக் காட்டுவதில்லை.

இந்த ஆய்வுகளில் நல்ல செய்தியும் உண்டு. கண்ணை மறைத்துவிட்டால் மனிதர்களின் ரசனை அவ்வளவு வேறுபடுவதில்லை. 250-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆலிவ் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் ஸ்பீக்கர்களைப் பிடித்தவை, பிடிக்காதவை என்று அடுக்கினார்கள். 2004-ல் 70 ஸ்பீக்கர்களின் ஆய்வக அளவீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மக்களுக்கு எது பிடிக்கும் என்று கணிக்க முயன்றார். கணிப்புக்கும் மக்கள் போட்ட மதிப்பெண்ணுக்கும் இருந்த ஒட்டுறவு 0.86. முழுப் பொருத்தம் என்றால் 1.

அப்படின்னா, மக்களுக்குப் பிடிக்கும் ஸ்பீக்கர் எப்படி இருக்கும்? எல்லா அலைவெண்ணையும் சமமாகத் தரும். பக்கவாட்டில் போகும் ஓசையும் நேராக வரும் ஓசையைப் போலவே சீராக இருக்கும். இந்த இரண்டும் வரைபடத்தில் தெரியும். பல மாடல்களுக்கு இந்த அளவீடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஷோரூமுக்குப் போகும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சத்தம் கூடினால் தரமும் கூடின மாதிரி ஏன் தெரிகிறது?

மல்லேஸ்வரம் பக்கம் போயிருந்தால் வயலின் வடிவத்தில் ஒரு அரங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். 1980-ல் திறக்கப்பட்ட சௌடையா நினைவு அரங்கம். மைசூரு வித்வான் டி.சௌடையாவின் பெயர் அது. மைக் பரவலாகாத காலத்தில் கடைசி வரிசைக்கும் வயலின் கேட்க வேண்டும் என்று நான்கு தந்தி வயலினில் இன்னும் மூன்று தந்திகளைச் சேர்த்து ஏழு தந்தி வயலின் வாசித்தவர். கலைஞர்களுக்கு எப்போதும் தெரிந்த விஷயம்தான்: கேட்பவரை முதலில் பிடிப்பது ஒலியின் அளவு.

ஷோரூமிலும் இதுவே நடக்கிறது. ஒரே பாட்டை இரண்டு கருவிகளில் கேட்கிறீர்கள். ஒன்று மற்றதைவிட ஒரு டெசிபல்தான் கூடுதல். "இது சத்தமாக இருக்கிறது" என்று உங்களுக்குத் தோணாது. "இது தெளிவாக இருக்கு, உயிர் இருக்கு" என்றுதான் தோணும். காரணம், ஒலி அளவு குறையும்போது நம் காது பேஸ் ஓசையை இன்னும் குறைவாகக் கேட்கிறது. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். ஒலியைக் கொஞ்சம் கூட்டினால் பேஸ் நிறைகிறது, பின்னணியில் இருந்த மெல்லிய ஓசைகள் மேலே வருகின்றன. "கேட்காத வாத்தியமெல்லாம் கேட்டது" என்பதில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. வீட்டில் போன் ஸ்பீக்கரில் மெதுவாகக் கேட்ட பாட்டை அங்கே அமைதியான அறையில் உரக்கக் கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

அதனால் ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். போனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போதும். அது காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டுக்கும் ஒரே எண் காட்டினால் சரி.

ஆம்ப்ளிஃபயரில் வித்தியாசம் கேட்குமா?

அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ் 1987 ஜனவரியில் இதைச் சோதித்து எழுதியது. சுமார் 220 டாலர் ரிசீவரில் தொடங்கி 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபயர் வரை ஆறு கருவிகள். 25 பேர் கேட்டார்கள். "ஆம்ப்ளிஃபயருக்கு ஆம்ப்ளிஃபயர் ஓசை மாறும்" என்று நம்புகிறவர்களும் இருந்தார்கள், நம்பாதவர்களும் இருந்தார்கள். ஒலி அளவைச் சமமாக்கி, பெயரை மறைத்து வைத்தபோது இரு தரப்பின் பதில்களும் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தது போலத்தான் வந்தன.

அதற்காக எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. மூன்று சூழ்நிலைகளில் வித்தியாசம் உண்மையாகவே கேட்கும்.

முதலாவது, பவர் போதாதபோது. இதற்கு ஒரு சின்னக் கணக்கு. சாதாரண ஸ்பீக்கர் ஒன்று, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 87 டெசிபல் தரும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது 77 ஆகக் குறையும், அறையின் எதிரொலியும் இரண்டாவது ஸ்பீக்கரும் சேர்ந்து கொஞ்சம் கூட்டும். சாதாரணப் பேச்சே 60 டெசிபல்தான். அதாவது வீட்டில் நாம் கேட்கும் சத்தத்துக்கு ஒரு வாட்டே பெரும்பாலும் போதும். ஆனால் ஒரு தவில் அடியோ, டிரம் அடியோ சராசரியைவிட 20 டெசிபல் எகிறலாம். 20 டெசிபல் என்றால் 100 மடங்கு பவர். அந்த நொடிக்கு மட்டும் 100 வாட் வேண்டும். இல்லைன்னா ஓசை நசுங்கும்.

இரண்டாவது, ஸ்பீக்கர் முரண்டு பிடிக்கும்போது. சில பெரிய ஸ்பீக்கர்களின் மின்தடை சில அலைவெண்களில் 3 ஓம் அளவுக்கு இறங்கும். அப்போது அதிக மின்னோட்டம் தர முடியாத ஆம்ப்ளிஃபயர் திணறும்.

மூன்றாவது, வால்வு ஆம்ப்ளிஃபயர். பல வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் ஸ்பீக்கரின் மின்தடை மாறும்போது தாங்களும் வளைந்து கொடுக்கும். விளைவாகச் சில அலைவெண்கள் கொஞ்சம் தூக்கலாக வரும். சிலருக்கு அந்த மாற்றம் இதமாக இருக்கும். இது பிழையா, ருசியா என்பது உங்கள் விருப்பம். ஆனால் அங்கே உண்மையான வித்தியாசம் இருக்கிறது.

வால்வுக்கும் பெங்களூருவுக்கும் பழைய உறவு உண்டு. 1954-ல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஜாலஹள்ளி ஆலையில், நெதர்லாந்தின் பிலிப்ஸ் உதவியுடன் 1961 முதல் ரேடியோ வால்வுகள் செய்தது. அடுத்த ஆண்டே டிரான்சிஸ்டர்களும். நம் தாத்தா வீட்டு ரேடியோவில் எரிந்தவற்றில் இவையும் உண்டு. அந்தப் பழைய 'பெல்' வால்வுகளை வால்வு ஆர்வலர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

இதே வழியில் போன ஒரு தென்னிந்திய நிறுவனமும் இருக்கிறது. கொச்சியில் கட்டடக் கலைஞர் ஜேக்கப் ஜார்ஜ் தொடங்கிய ரீதம். பாவா, மார்கா, சாதனா என்று சமஸ்கிருதப் பெயர்களில் ஸ்பீக்கர் செய்கிறார்கள். வெளிநாட்டு விமர்சகர்களும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இவற்றின் வழி வேறு: குறைந்த பவரிலேயே அதிக ஒலி தரும் இலகுவான காகித கோன். ஸ்பீக்கர் 10 டெசிபல் கூடுதலாகத் தந்தால் ஆம்ப்ளிஃபயருக்குப் பத்தில் ஒரு பங்கு பவர் போதும். அப்போது சில வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரே தாராளம். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஜோடியாக யோசிக்க வேண்டியவை என்பது இதில் தெளிவாகத் தெரியும்.

கேபிள் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். வீட்டு பிளக் பாயிண்டுக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை ஐந்து மீட்டர் தூரத்துக்கு இழுத்தால், போக வர மொத்தத் தடை சுமார் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு சதவீதம்கூட இல்லை. எஸ்.பி. ரோட்டில் மீட்டர் கணக்கில் வாங்கும் கம்பி இந்த வேலையைச் செய்துவிடும்.

உங்கள் வாடகை வீட்டில் என்ன ஆகும்?

ஷோரூம் அறை ஓசைக்காகவே தயார் செய்யப்பட்டது. சுவரில் பஞ்சுப் பலகை, தரையில் தடித்த கார்ப்பெட், அளந்து போட்ட சோபா. உங்கள் வீட்டில்? வழவழப்பான டைல்ஸ் தரை, வெறும் கான்கிரீட் சுவர், ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். "டிங்" என்று ஒரு வால் நீளும். அந்த வால் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும்.

பேஸில் பிரச்சினை இன்னும் பெரிது. 12 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஓசை மோதித் திரும்பி, அந்த இடைவெளிக்குப் பொருந்தும் அலைவெண்களைப் பெருக்கும். இந்த அறையில் அவை சுமார் 47, 51, 56 ஹெர்ட்ஸ். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்து விழுகின்றன. பேஸ் கிட்டாரின் கீழ்த் தந்தியில் 46 முதல் 55 ஹெர்ட்ஸ் வரை நான்கு சுரங்கள் இருக்கின்றன. அந்தச் சுரங்கள் வரும்போது அறையே 'பூம்' என்று ஊதும். அதற்கு மேலே போகும் சுரங்கள் சாதாரணமாக வரும். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டே பாடும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த அறையில் அந்த மெட்டின் சில படிகள் மேடாகவும் சில படிகள் பள்ளமாகவும் கேட்கும். 26 லட்சம் ரூபாய் ஸ்பீக்கர் வைத்தாலும் இதே கதைதான். சொல்லப்போனால், அது பேஸை அதிகம் தருவதால் 'பூம்' இன்னும் கூடும்.

என்ன செய்யலாம்? அறையின் நட்ட நடுவிலும், பின் சுவரை ஒட்டியும் உட்காராதீர்கள். ஸ்பீக்கரை மூலையில் தள்ளாதீர்கள். அரை அடி, அரை அடியாக நகர்த்திக் கேளுங்கள், வித்தியாசம் நன்றாகவே தெரியும். தடித்த திரைச்சீலை, புத்தக அலமாரி, கட்டில் மெத்தை எல்லாம் நடு, மேல் அலைவெண்களை அடக்கும். ஆனால் ஜமுக்காளம் விரித்தால் பேஸ் அடங்கும் என்று நினைக்க வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் கிட்டத்தட்ட 22 அடி. மெல்லிய துணியை அது மதிக்காது. மேடாக நிற்கும் பேஸை ஈக்குவலைசரால் குறைக்கலாம், பல புதிய ஆம்ப்ளிஃபயர்களில் மைக் வைத்து அறையை அளந்து திருத்தும் வசதியே இருக்கிறது. பள்ளத்தை மட்டும் அதனால் நிரப்ப முடியாது. அதற்கு இடம் மாற்றித்தான் உட்கார வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரையும் கணக்கில் சேருங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல், பகலில் 55. சுவரைத் தாண்டி முதலில் போவது பேஸ்தான். பெரிய ஸ்பீக்கரை அதன் முழுத் திறனில் கேட்க உங்களுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று யோசித்துவிட்டு விலையைப் பாருங்கள்.

"அசல் மாதிரியே இருக்கு" என்கிறார்களே, எது அசல்?

கச்சேரியை நேரில் கேட்பது போல இருக்கிறது என்பது இந்தத் துறையின் மிகப் பெரிய பாராட்டு. சாமராஜப்பேட்டையில் 1939-ல் தொடங்கிய ஸ்ரீராமசேவா மண்டலியின் ராமநவமிக் கச்சேரிகளைக் கேட்டிருப்பீர்கள். பந்தலில் கேட்பதும் மைக் வழியாக, ஸ்பீக்கர் வழியாகத்தான். சபாவிலும் அப்படித்தான். நம்மில் பெரும்பாலோருக்கு 'நேரில் கேட்ட ஓசை' என்பதே இன்னொரு ஸ்பீக்கரின் ஓசை.

சினிமாப் பாட்டில் இது இன்னும் சிக்கல். குரல் ஒரு நாள், வயலின்கள் இன்னொரு நாள், டிரம்ஸ் கம்ப்யூட்டரில். அந்தப் பாட்டு ஒரே அறையில் ஒரே நேரத்தில் நடந்ததே இல்லை. அது முதன்முதலில் முழுசாக உருவானது ஸ்டூடியோவின் ஸ்பீக்கரில். அந்த ஸ்பீக்கர் எப்படி ஒலித்ததோ அதற்கேற்ப மிக்ஸ் செய்திருப்பார்கள். இப்போது அந்த மிக்ஸை வைத்து நீங்கள் இன்னொரு ஸ்பீக்கரை எடைபோடுகிறீர்கள். இதைத்தான் டூல் 'குழப்பத்தின் வட்டம்' என்றார்.

இந்த வட்டத்திலிருந்து வெளியே வர ஒரு எளிய வழி உண்டு. மைக் இல்லாத கச்சேரி ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வீட்டில் நடக்கும் சின்னக் கச்சேரியாக இருக்கலாம், நண்பரின் வீணைப் பயிற்சியாக இருக்கலாம். தம்புராவின் ரீங்காரம், மிருதங்கத்தின் இடந்தலை, அடக்கிப் பாடும் குரல் ஆகியவை எப்படி இருக்கும் என்று ஒருமுறை காதில் பதிந்துவிட்டால், ஷோரூமில் பளபளப்பைக் கண்டு மயங்குவது குறையும். மனிதப் பேச்சும் நல்ல உரைகல். பேச்சில் மூக்கடைப்போ, பெட்டிக்குள்ளிருந்து வரும் கும்மென்ற ஓசையோ இருந்தால் நம் காது உடனே பிடித்துவிடும்.

ஷோரூமில் எப்படிக் கேட்பது?

உங்கள் பாட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஷோரூமின் டெமோ பாடல்கள் எந்த ஸ்பீக்கரிலும் நன்றாக ஒலிக்கும்படி தேர்ந்தெடுத்தவை. நூறு முறை கேட்ட நான்கு பாடல்கள் போதும்: ஒரு குரல், ஒரு பேஸ் கிட்டார், நெரிசலான ஆர்கெஸ்ட்ரா ஒன்று, பேச்சு ஒன்று. சுமாராகப் பதிவான பழைய பாட்டு ஒன்றையும் சேருங்கள். வீட்டில் அதையும்தானே கேட்கப் போகிறீர்கள்.

விலை கேட்பதை ஒத்திப்போடுங்கள். முதலில் கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், பிறகு விலையைப் பாருங்கள்.

நண்பர் ஒருவரை அழைத்துப் போங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள, அவர் கருவியை மாற்றட்டும். ஒலி அளவைச் சமமாக்கி, பத்து முறை மாற்றிப் பாருங்கள், சில முறை மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொன்னால் உங்கள் காதை நம்பலாம். ஐந்தோ ஆறோ என்றால், அந்த வித்தியாசத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

மெதுவான சத்தத்திலும் கேளுங்கள். இரவு பதினோரு மணிக்கு வீட்டில் கேட்கப்போவது அந்த அளவில்தான்.

முடிந்தால் வீட்டில் வைத்துக் கேட்க இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். விலை உயர்ந்த கருவி என்றால் சில டீலர்கள் இதற்கு இறங்கி வருவார்கள். மறுத்தால், திருப்பிக் கொடுக்கும் விதிமுறையை எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தை எந்த வரிசையில் போடுவது?

முதலில் காசில்லாத வேலை: ஸ்பீக்கரின் இடம், நீங்கள் உட்காரும் இடம். அடுத்து திரைச்சீலை, அலமாரி, தேவைப்பட்டால் சுவர்ப் பலகை. பிறகு ஸ்பீக்கர். பட்ஜெட்டில் பாதிக்கு மேல் இதற்கே போகட்டும். மிச்சத்தில் அந்த ஸ்பீக்கரை ஓட்டப் போதுமான ஆம்ப்ளிஃபயர். போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ ஒலியை எடுக்கும் கருவிக்கு இன்று அதிகம் செலவு தேவையில்லை. ஆப்பிள் 9 டாலருக்கு விற்கும் சின்ன அடாப்டரே ஆய்வக அளவீடுகளில் நன்றாகத் தேறுகிறது. கடைசியாக கேபிள், அறுந்துபோகாமல் இருந்தால் போதும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் அந்த 26 லட்சம் ரூபாய் ஸ்பீக்கர் மேல் ஆசை வரலாம். அதன் மரவேலைக்காக, அது ஹாலில் நிற்கும் அழகுக்காக, நல்ல கைக்கடிகாரம் வாங்குவது போல ஒருவர் வாங்கலாம், தப்பில்லை. கையில் காசும் இருந்து, எதற்குக் கொடுக்கிறோம் என்றும் தெரிந்திருந்தால் அது நியாயமான செலவு. கடன் வாங்கி, "இதில்தான் பாட்டின் உண்மை தெரியும்" என்று நம்பி வாங்குவதுதான் ஆபத்து. ஒரு வருஷத்தில் காது பழகிவிடும், இஎம்ஐ மூன்று வருஷம் ஓடும்.

கடைசியாக ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். அவுட்டர் ரிங் ரோடு இரைச்சலை மறைக்க தினமும் இரண்டு மணி நேரம் இயர்போனை முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்பவர், சில வருஷங்களில் எந்த ட்வீட்டரின் நுணுக்கத்தையும் கேட்க முடியாத நிலைக்கு வந்துவிடலாம். ஸ்பீக்கரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இன்று மாலை பஸ் ஏறியதும் இயர்போனின் சத்தத்தை இரண்டு புள்ளி குறையுங்கள். காசு செலவில்லாத முதல் அப்கிரேடு அதுதான்.